மறு: ஹைலி காம்போசிட் நம்பர் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

> 'உயர் பகு எண்' நேரடியாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொண்டால் முதல் இரண்டு எண்களிலேயே இடறும் ஐயா. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்டது என்பதுதானே வரையறை? அதன்படி 1, 2 இரண்டும் பட்டியலில் உண்டு. 2 பகா எண். 1 பகுவிலும் சேராது, பகாவிலும் சேராது. (ஆங்கிலப் பெயரிலும் இதே கோளாறுதான். அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?)

பெரிய எண்களுக்குப் போனால் பொருத்தமின்மை இன்னும் பளிச்சென்று தெரியும். 1915-இல் இராமானுஜன் இவ்வெண்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரையின் அட்டவணை 6746328388800 என்ற எண்ணோடு முடிகிறது. அதைப் பிரித்தால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

பெருக்கலில் இருப்பவை மொத்தம் 19 பகா எண்கள். காரணிகளோ 7 × 5 × 3 × 3 × 32 = 10080. இப்போது இதைவிடச் சிறியதான 2⁴²-ஐ எடுங்கள். பெருக்கலில் 42 இரண்டுகள், ஆனால் காரணிகள் வெறும் 43. 'உயர் பகு' என்ற பட்டத்தை 2⁴²-க்குத்தான் கொடுக்க வேண்டும்!

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என இறங்கி வருவதும் தற்செயல் அல்ல. 2, 3 இரண்டின் அடுக்குகளை மாற்றிப் போட்டால் காரணி எண்ணிக்கை அப்படியே இருக்கும், எண் மட்டும் 9/4 மடங்காகப் பெருத்துவிடும். 23-ஐ எடுத்துவிட்டு 29-ஐப் போட்டாலும் அதே கதைதான்.

> 'மிகை எண்' என்று சுருக்கலாம்.

மிகை முழுக்கள், குறை முழுக்கள் என்று பள்ளி நூல்களில் ஊறிப்போன சொல். வேண்டாம்.

> 'மீக்காரணி எண்'?

மீப்பெரு பொதுக் காரணி படித்த மாணவர் 'மிகப் பெரிய காரணி' என்றே எடுத்துக்கொள்வார்.

என் பரிந்துரை: முந்துகாரணி எண். வினைத்தொகை என்பதால் நடுவில் 'க்' வராது. 6-க்கு 4 காரணிகள். 8-க்கும் 10-க்கும் அதே 4தான், முந்தவில்லை. 12-க்கு 6, முந்திவிட்டது. முந்துகிறதா என்பது முன்னால் உள்ளவற்றோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அடுக்குகள் ஒழுங்காக இறங்குவது மட்டும் போதாது. ஒப்பிடுவதில் தவறவும் கூடும்: இராமானுஜன் அட்டவணையிலேயே, இடம்பெற வேண்டிய 293318625600 (5040 காரணிகள்) விடுபட்டிருக்கிறது. அட்டவணையின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது அதுதான்!

அடுத்து, 'சுபீரியர் ஹைலி காம்போசிட் நம்பர்' என்ற உள்வகை. காரணி எண்ணிக்கையை அந்த எண்ணின் ஏதோ ஒரு மிகை அடுக்கால் வகுக்கும்போது, வேறெந்த எண்ணுக்கும் அதே அடுக்கில் அதைவிடப் பெரிய ஈவு வராதிருந்தால் அது இவ்வகை. 240 காரணிகள் உள்ள 720720 இதில் சேரும், 6746328388800 சேராது. இதற்குத் 'தலை முந்துகாரணி எண்' என்கிறேன். 'தலை' கொஞ்சம் உறுத்துகிறதுதான். மாற்று இருந்தால் எழுதுங்கள்.