சீட்டு முடிஞ்சு கையில 95,000: திரும்பவும் சீட்டா, எஸ்ஐபியா?

தொண்ணூறடி_ரோடு:
வணக்கம். தாராவியிலயே பிறந்து வளர்ந்தவன், பூர்வீகம் திருநெல்வேலி. வயசு 36. லோயர் பரேல்ல ஒரு ஏற்றுமதி ஆபீஸ்ல கணக்கு எழுதறேன், கைக்கு 38,000 வருது. வீட்டுக்காரி இட்லி போட்டுக் கொடுக்கறதுல மாசம் 9,000 நிக்கும். எங்க தெரு அண்ணாச்சிகிட்ட 20 பேர், 20 மாசம், மாசம் 5,000 வீதம் ஒரு லட்ச ரூபா ஏலச்சீட்டு. கடைசி வரைக்கும் எடுக்காம இருந்து இந்த மாசம் 95,000 வாங்கினேன். அடுத்த சீட்டு வர்ற வாரம் ஆரம்பம். ஆபீஸ்ல ஒரு பையன் "சீட்டை விடுங்க, அந்த 5,000-ஐ இண்டெக்ஸ் ஃபண்டுல எஸ்ஐபி போடுங்க"ங்கறான். அதாவது சந்தைக் குறியீட்டுல இருக்கற பங்குகளை அப்படியே வாங்கி வைக்கற ஃபண்டுல மாசாமாசம் கட்டறது. வீட்ல சொன்னேன், அப்பா பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டார். மகளுக்கு 7 வயசு, அவ காலேஜுக்குத்தான் சேர்க்கறேன். எது சரி?

முலுண்டு_ஸ்லோ:
பையன் சொன்னதுதான் சரி. காலேஜுக்கு இன்னும் 11 வருஷம் இருக்கு. மாசம் 5,000-னா உங்க கைக்காசு 6.6 லட்சம். வருஷத்துக்கு 11 சதவீதம் கிடைச்சா 12.7 லட்சம் ஆகும். பங்குச் சந்தை சுமாரா இருந்து 7-தான் கிடைச்சாலும் 9.9 லட்சம். அண்ணாச்சி சீட்டு பதிவு பண்ணினதா? 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு இல்லாம சீட்டு நடத்தக் கூடாது. பதிவு பண்ணினவர்னா சீட்டுத் தொகை அளவுக்கு ஈடு வச்சிருக்கணும். உங்க அண்ணாச்சி நாளைக்கு ஊருக்குப் போய்த் திரும்பலைன்னா யார்கிட்ட கேப்பீங்க?

கோலிவாடா_கடைக்காரன்:
தம்பி முலுண்டு, 30 வருஷமா சீட்டு போடுதேன், ஒருத்தரும் ஓடிப் போகல. ஓடுறவன் எங்கயும் ஓடுவான். தொண்ணூறடி, நீங்க மொத்தம் எவ்வளவு கட்டுனீங்க, அதைச் சொல்லுங்க.

தொண்ணூறடி_ரோடு:
முதல் மாச ஏலத்துல எடுத்தவர் ஒரு லட்சத்துல 30,000-ஐ விட்டுக்கொடுத்து எடுத்தார், அதைத்தான் தள்ளுன்னு சொல்றது. சீட்டுக்காரர் கமிஷன் 5,000 போக 25,000-ஐ 20 பேருக்கும் பிரிச்சாங்க, ஆளுக்கு 1,250. அந்த மாசம் 3,750 கட்டினேன். போகப் போகத் தள்ளு குறைஞ்சு கடைசி மாசம் முழு 5,000. மொத்தம் 87,500.

கோலிவாடா_கடைக்காரன்:
பாத்தீங்களா. 87,500 கட்டி 95,000. அதுவும் மாசாமாசம் கட்டினது, சராசரியா 9 மாசம்தான் அங்க கிடந்திருக்கு. வருஷத்துக்கு 11 சதவீதம் கிட்ட வருது. இவர் சந்தையில "கிடைச்சா"ன்னு சொல்ற அதே 11 உங்க கைக்கே வந்துட்டு. சந்தைக்கதை நானும் பாத்தவன். 2008 ஜனவரியில மும்பை பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் 21,000 தொட்டுச்சு, 2009 மார்ச்சுல 8,100 பக்கம் வந்து கிடந்துச்சு. என் மச்சான் அந்தப் பள்ளத்துல வித்துட்டு வெளிய வந்தவர். அவசரத்துக்கு நம்ம தெருவுல சிபில் ஸ்கோர் (பழைய கடனை ஒழுங்கா கட்டினோமான்னு காட்டுற மார்க்கு) கேக்காம பணம் கொடுக்கறது சீட்டு ஒண்ணுதான்.

முலுண்டு_ஸ்லோ:
கோலிவாடா அண்ணாச்சி, உங்க கணக்கு சரி. ஆனா அந்த 11 எங்கிருந்து வந்துச்சு? முதல் மாசம் எடுத்தவர் கையில வாங்கினது 70,000. அவரும் 87,500 கட்டியாகணும். அவர் தலையில விழுந்த வட்டி வருஷத்துக்கு 30 சதவீதம் கிட்ட. அவ்வளவு நெருக்கடியில எடுத்தவர் மிச்ச 19 மாசமும் ஒழுங்கா கட்டினாத்தான் கடைசியா நிக்கறவருக்குப் பணம். தொண்ணூறடிக்குக் கிடைச்சது அந்த ரிஸ்குக்கான கூலி.

இன்னொண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்கு முந்தி முடிஞ்ச சீட்டுப் பணம் இப்போ எங்கே?

தொண்ணூறடி_ரோடு:
உண்மையைச் சொல்றேன். ஒண்ணு மழையில ஒழுகின மேல்தளத்துக்குப் போச்சு. இன்னொண்ணு கொழுந்தியா மக சடங்கு, மிச்சத்துல பைக்குக்கு முன்பணம்.

முலுண்டு_ஸ்லோ:
இதுதான் என் பயம். சீட்டு 20 மாசத்துக்கு ஒருதரம் பணத்தை மொத்தமா கையில கொண்டுவந்து கொடுத்துடுது. வட்டிமேல வட்டி ஏற வழியே இல்ல. 11 வருஷத்துல ஆறு சீட்டு முடியும், மகளுக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது.

கோலிவாடா_கடைக்காரன்:
ஜூலை மாசம் கூரை ஒழுகினா வட்டிமேல வட்டியையா மேல போட்டு மூடுறது? எஸ்ஐபியா இருந்தாலும் எடுத்துத்தான் இருப்பாரு.

கல்யாண்_ஃபாஸ்ட்:
11 வருஷம் காத்திருக்கறதெல்லாம் எதுக்கு? பங்கு விலை ஏறுமா இறங்குமான்னு கணிச்சு வாராவாரம் ஆப்ஷன்ல போட்டு எடுத்தா இந்தப் பணம் ஒரே வருஷத்துல டபுள்.

முலுண்டு_ஸ்லோ:
கல்யாண், 2024-ல பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபி வெளியிட்ட ஆய்வு இருக்கு. ஃபியூச்சர்ஸ் (எதிர்கால ஒப்பந்தம்), ஆப்ஷன் வணிகம் பண்ணின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேர் மூணு வருஷக் கணக்குல நஷ்டம். ஒரு குழந்தையோட படிப்புப் பணத்துக்கு இதைச் சொல்லாதீங்க.

மாட்டுங்கா_மாமி:
நான் பேங்க்ல 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரெண்டு பேருமே மாசம் 5,000-ஐப் பத்திப் பேசறேள், கையில இருக்கற 95,000-ஐ யாரும் கேக்கலை.

2020 மார்ச் 23 அன்னிக்கு சென்செக்ஸ் 25,981-ல முடிஞ்சது. அந்த ஜனவரியில 42,000 தொட்டது, அதே வருஷக் கடைசியில 47,000-ஐத் தாண்டிடுத்து. வரைபடத்துல பார்த்தா ஒரு சின்னக் குழி. ஆனா அந்தக் குழியில வித்தவா யாரு? ஊரடங்குல சம்பளம் நின்னுபோய், வாடகைக்கு வழியில்லாதவா. சந்தை விழற மாசமும் வேலை போற மாசமும் ஒண்ணாத்தான் வரது. சீட்டும் அந்த நேரத்துல நின்னுபோன தெரு எத்தனை! கோலிவாடா, அது உங்களுக்கே தெரியும்.

தொண்ணூறடி, உங்காத்துச் செலவு மாசம் 40,000 இருக்குமா? அப்போ 95,000-ங்கறது ரெண்டு மாசச் சாப்பாடு, அவ்வளவுதான். அதை பேங்க்ல மூணு எஃப்டியா (நிரந்தர வைப்பு) பிரிச்சுப் போடுங்கோ, ஒண்ணை உடைச்சா மத்தது நிக்கும். ஒரு பேங்க்ல 5 லட்சம் வரைக்கும் டெபாசிட்டுக்குக் காப்பீடு இருக்கு. இனிமே கூரை ஒழுகினா அதுலேர்ந்து எடுங்கோ.

குழந்தைக்கு 10 வயசு ஆகலை, போஸ்ட் ஆபீஸ்ல பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கு திறக்கலாம். 2024 ஜனவரியிலேர்ந்து 8.2 சதவீதம், வட்டிக்கு வரி இல்லை.

முலுண்டு_ஸ்லோ:
மாமி, எஃப்டி ஒத்துக்கறேன், நான் முதல்லயே கேட்டிருக்கணும். ஆனா செல்வமகள் கணக்கு முதிர 21 வருஷம். 18 வயசுல படிப்புக்குப் பாதிதான் எடுக்கலாம்.

மாட்டுங்கா_மாமி:
எடுக்க முடியாததுதான் இவருக்கு வேணும். சடங்குக்கும் பைக்குக்கும் அது கை நீட்டாது.

தொண்ணூறடி_ரோடு:
மாமி சொன்னது சுருக்குனு பட்டுச்சு, ஆனா சரி. ராத்திரி அப்பாகிட்டயும் பேசினேன். 95,000 எஃப்டிக்கு. மாசம் 2,000 செல்வமகளுக்கு, 1,500 இண்டெக்ஸ் ஃபண்டுக்கு. மிச்சம் 1,500-க்கு அண்ணாச்சிகிட்டயே 30,000 ரூபா சின்னச் சீட்டு ஒண்ணு. அப்பா அதுக்கு மேல இறங்கலை.

முலுண்டு_ஸ்லோ:
அந்தச் சீட்டு எனக்கு இப்பவும் பிடிக்கல. ஃபண்டு எடுக்கும்போது "டைரக்ட்"னு போட்டிருக்கறதைப் பாத்து எடுங்க, ஏஜென்ட் கமிஷன் பிடிக்க மாட்டாங்க. சம்பளம் ஏறினா ஏறினதுல பாதியை இதுலயே சேருங்க.

கோலிவாடா_கடைக்காரன்:
ஊரடங்குல எங்க சீட்டு நாலு மாசம் நின்னது நெசம், மாமி. பெறவு ஒவ்வொருத்தரும் கட்டி முடிச்சாங்க, அதையும் நீங்க கணக்குல வைக்கணும். தொண்ணூறடி தம்பி, பதிவு பண்ணின சீட்டான்னு உங்க அண்ணாச்சிகிட்ட கேளுங்க. கேக்கறதுல தப்பில்ல, கோவிச்சுக்கிட்டா யோசிங்க.

மாட்டுங்கா_மாமி:
போஸ்ட் ஆபீஸுக்குப் போறச்சே குழந்தையோட பிறப்புச் சான்றிதழ், உங்க ஆதார், பான் எல்லாம் கையோட கொண்டு போங்கோ. மாசாமாசம் 5-ஆம் தேதிக்குள்ள கட்டிடுங்கோ, 6-ஆம் தேதி கட்டினா அந்தப் பணத்துக்கு அந்த மாச வட்டி கிடையாது.