காவிரி: மழை குறைந்த ஆண்டில் பங்கை எப்படிக் கணக்கிடுவது?

கடைமடை:
உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பின்படி, கர்நாடகத்திலிருந்து எல்லையிலுள்ள அளவீட்டு இடமான பிலிகுண்டுலுவுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி) வர வேண்டும். மழை குறைந்தால் அதே விகிதத்தில் எல்லோர் பங்கும் குறையும் என்கிறது காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு. எதை எதோடு ஒப்பிட்டுக் குறைப்பது? தகராறு முற்றுவதே இந்த இடத்தில்தான். விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்களேன்.

மதகு:
மாத அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, மொத்தம் 86.38 டிஎம்சி. கர்நாடகத்தின் ஹாரங்கி, ஹேமாவதி, கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளின் நீர்வரத்தை 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுவார்கள். வரத்து 40 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொண்டு விகிதத்தை அப்படியே பொருத்தினால் நமக்கு 51.83. இதுவரை 40 வந்திருந்தால் பாக்கி 11.83.

விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. அந்தப் பாக்கியை 15 நாளில் தீர்க்க விநாடிக்குச் சுமார் 9,130 கனஅடி வேண்டும். 2023-ல் உத்தரவான 5,000 கனஅடி, 15 நாளுக்கு 6.48 டிஎம்சிதான்.

வண்டல்:
மதகு சொன்ன கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அணைகளுக்கு மேலேயே ஏற்றுப்பாசனத்துக்கும் ஏரி நிரப்பவும் எடுத்த தண்ணீர், மழைக்குறைவு போலவே பதிவாகிவிடும். கபினிக்கும் பிலிகுண்டுலுவுக்கும் நடுவே பெய்யும் மழையோ நான்கு அணைக் கணக்கில் சேராது. வரத்தோடு எடுப்பையும் அளந்து, இரு மாநிலப் பொறியாளர்களும் ஒரே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

சூத்திரத்தை ஜூன் 1-க்கு முன்பே முடிவுசெய்வது இதைவிட முக்கியம். பத்து நாளுக்கு ஒருமுறை பாக்கியைத் தீர்த்தால் அளவு சிறியதாக இருக்கும். ஆகஸ்ட் கடைசிவரை சேரவிட்டு மொத்தமாகக் கேட்டால், கர்நாடகத்தின் மண்டியாவில் நிற்கும் பயிருக்கான தண்ணீரிலிருந்துதான் தர வேண்டியிருக்கும். அப்போது சாலை மறியலை யாராலும் தடுக்க முடியாது.

கழனி:
டெல்டா பக்கமும் வேலை இருக்கிறது. குறுவைக்கு வடகிழக்குப் பருவமழை கைகொடுக்காது. மேட்டூரையும் நிலத்தடி நீரையும்தான் நம்ப வேண்டும். அணையில் இருப்பு குறைவென்றால் பரப்பை முன்கூட்டியே அறிவித்துக் குறைப்பதே நேர்மை. நட்டபின் கைவிடுவது கொடுமை.

நட்ட வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யலாம். 30 செ.மீ. குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதையுங்கள். உள்ளே நீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடாதீர்கள். ஆனால் அடுத்த முறைத் தண்ணீர் எந்தத் தேதியில் என்று வாய்க்கால்வாரியாக உறுதி இல்லாவிட்டால் எவரும் காயவிட மாட்டார்கள். கிடைக்கும்போதே தேக்கிக்கொள்வார்கள், கடைமடைக்கு எட்டாது.