தாமஸ் மன்றோவுக்குக் குடும்பம் இருந்ததா?

கேள்வி:
சென்னையில் தீவுத்திடல் பக்கம் போகிற யாரும், மதராஸ் கவர்னராக இருந்த மன்றோவின் குதிரைச் சிலையைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் குதிரைக்குச் சேணம் இல்லை, அங்கவடி இல்லை என்பதைத் தாண்டி பேச்சு போவதே இல்லை. ரயத்துவாரி கொண்டுவந்தவர் என்று பள்ளியில் படித்ததோடு சரி. பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே இருந்தார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைவாசி:
1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா வியாபாரி, அமெரிக்கப் போரில் தொழில் நொடித்துப் போனது. 1780இல் கம்பெனிப் படையில் கேடட்டாக மதராஸ் வந்து ஹைதர் அலியோடு நடந்த போரில் சண்டை போட்டார். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) கம்பெனிக்குக் கைமாறியதும், அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக அங்கே போனார். ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவரிடமே தீர்வை (நிலவரி) வாங்குகிற முறையை, அதாவது ரயத்துவாரியை, அங்கேதான் கற்றுக்கொண்டார். தர்மபுரியில் இன்றும் அவர் பேரில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

மேட்டுக்காடு:
முறை நல்லதுதான், தீர்வைதான் தாங்க முடியாத அளவு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பணமாகக் கட்டணும் என்றால் மானாவாரிக்காரன் கடன் வாங்காமல் என்ன செய்வான்? அனந்தப்பூர், கடப்பை எல்லாம் சேர்ந்த தத்த மண்டலத்தில் கலெக்டராக இருந்த மன்றோவே 1807இல் கால்பங்கு குறைக்கச் சொல்லி எழுதினார், மேலே இருந்தவர்கள் அப்போது கேட்கவில்லை. அவரைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்லணும்.

கோட்டைவாசி:
சரியான பேச்சு. குடும்பத்துக்கு வருகிறேன். வந்து 27 வருடம் கழித்து, 1807இல்தான் முதல்முறையாக ஊருக்குப் போனார். 1814இல் ஜேன் கேம்பலைக் கல்யாணம் செய்தபோது வயது 52. அந்த வருடமே மனைவியோடு மதராஸ் திரும்பினார், 1820இல் மதராஸ் கவர்னர் ஆனார். இரண்டு பையன்கள். சின்னவனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, 1826இல் ஜேன் அவனைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அப்புறம் கிண்டி வீடு வெறிச்சோடிக் கிடப்பதைப் பற்றி மன்றோ மனைவிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது, கவர்னர் எழுதியது மாதிரியே இருக்காது, வீட்டுக்கு ஏங்குகிற ஒரு அப்பா எழுதியது. பதவியை விட்டுப் போக முன்பே கேட்டிருந்தார், பர்மா போர் குறுக்கே வந்துவிட்டது. கடைசியாகத் தத்த மண்டலத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போன இடத்தில் காலரா. 1827 ஜூலை 6, இன்றைய ஆந்திராவில் இருக்கிற பத்திகொண்டாவில் இறந்தார். மனைவியும் பிள்ளைகளும் பிரிட்டனில்.

கேள்வி கேட்டவர்:
இதெல்லாம் எனக்குப் புதுசு, ரொம்ப நன்றி. கல்லறை எங்கே?

கோட்டைவாசி:
முதலில் ஆந்திராவில் இருக்கிற குத்தி (Gooty) என்ற ஊரில் புதைத்தார்கள். 1831இல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே போய்ப் பார்க்கலாம்.