வேட்டி கட்டும் இடமும் கச்சை கட்டும் இடமும்: ‘இடுப்புப் பட்டை’ என்ற சொல் குறித்து

அன்புடையீர்,

விபத்தில் இடுப்பெலும்பு வளையம் உடைந்தவருக்கு, ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்பே கட்டப்படும் பெல்விக் பைண்டரை (அந்த வளையத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் அகலமான கட்டை) ‘இடுப்புப் பட்டை’ என்று அழைக்கலாம் எனப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். செங்கோட்டைப் பகுதியில் முதலுதவி கற்பிக்கும் செவிலியாகிய நான் இச்சொல்லை மறுக்க வேண்டியிருக்கிறது.

புளியரை எஸ் வளைவு வழியே ஆரியங்காவுக்கு ஏறும் லாரிகளின் ஓட்டுநர்களுக்குச் சென்ற மாதம் வகுப்பெடுத்தேன். தரையில் ஒருவரைப் படுக்க வைத்து, ஒரு சாண் அகலத்துக்கு மடித்த போர்வையை இடுப்பைச் சுற்றிக் கட்டச் சொன்னதும், அத்தனை பேரும் வேட்டி கட்டும் இடத்திலேயே கட்டினார்கள். அவர்கள்மேல் பிழையில்லை. குடம் வைப்பதும் அரைஞாண் கிடப்பதும் நமக்கு இடுப்புதான். மருந்துக் கடையில் ‘இடுப்பு பெல்ட்’ கேட்டாலும் முதுகுவலிக்கானதையே எடுத்துத் தருவார்கள்.

இந்தக் கட்டு விழவேண்டிய இடமோ நன்றாகக் கீழே இருக்கிறது. நின்றபடி தொடையின் மேற்பகுதியில் பக்கவாட்டாக உள்ளங்கையை வைத்துப் பாதத்தை உள்ளும் புறமும் திருப்பிப் பாருங்கள். கைக்கடியில் ஓர் எலும்பு மேடு உருளும். இருபுறமும் அந்த மேடுகளின்மேல் இறுக்கினால்தான், விரித்த புத்தகம்போல் முன்பக்கம் பிளந்த வளையம் மூடி, உள்ளே இரத்தம் தேங்கும் இடம் குறைந்து, உறைந்த கட்டி கலையாமல் நிற்கும். மேலே கட்டினால் வளையம் போதுமான அளவு மூடாது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளேயே பெரும்பாலும் சிரைகளிலிருந்து இரத்தம் கசிந்து உயிர் போகலாம். உடைந்திருக்கிறதா என்று இருபுறமும் அழுத்தி ஆட்டிப் பார்ப்பதும் அதே கேட்டைச் செய்யும் என்பதால், ஐயம் இருந்தாலே கட்டிவிடச் சொல்கிறோம்.

எங்கள் கேரள எல்லையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலையாளத்தில் ‘இடுப்பு’ என்றால் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த பகுதிதான். வேட்டி கட்டுமிடம் அவர்களுக்கு ‘அர’. ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே புளியரைக்காரரும் புனலூர்க்காரரும் வேறு வேறு இடத்தைத் தொடுவார்கள்.

கூபகம் என்பது இடுப்பெலும்பு வளையம் உள்ள பகுதி என்பதால், ‘கூபகக் கட்டு’ உடற்கூற்றியலுக்குப் பொருந்தும். ஈழத்து வழக்கில் கூபகம் வாழ்கிற சொல். ஆயினும் சாலையோரத்தில் முழந்தாளிட்டிருப்பவருக்குக் கூபகம் எங்கே என்று அது சொல்லாது. ஆகவே ‘தொடைமேட்டுக் கச்சை’ என்பதை முன்வைக்கிறேன். கட்டும் இடம் பெயரிலேயே இருக்கிறது. துட, மேடு, கச்ச என்று மலையாளியும் புரிந்துகொள்வார். கச்சை கோவணத்தையும் குறிக்குமே என்ற தயக்கம் எழலாம். வரிந்து இறுக்கும் துணி என்ற பொருளே அதற்கு முந்தி நிற்பதால் எனக்கு அது தடையாகத் தோன்றவில்லை.

நீண்டநேரம் இறுகியிருந்தால் தோல் புண்ணாகும் என்பதால், கட்டிய நேரத்தை எழுதி அனுப்புவது வழக்கம். அந்தச் சீட்டில் ‘தொ. கச்சை, இரவு 10.40’ என்று எழுதினால் மருத்துவமனையில் இறக்குபவருக்குப் போதும்.