13-0 வெளியே, 12-1 உள்ளே: 2023 தேர்வு "சரிதான்" என்று சொல்பவர்கள் இங்கே வரவும்

கார்னெட் கோபு
நேற்று வேறோர் இழையில் அலபாமா அணி ரசிகர் ராமு சார் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "2023-இல் கமிட்டி செய்தது சரி என்பதை ஆரஞ்சு பவுல் நிரூபித்துவிட்டது." படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு: தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் அப்போது நான்கே இடம். 13 பேர் கமிட்டி உட்கார்ந்து ரேங்க் போடும். எங்கள் ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0 (13 வெற்றி, தோல்வியே இல்லை), ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின் (அணிகளின் கூட்டமைப்பு) சாம்பியன். அலபாமா 12-1, எஸ்இசி கான்ஃபரன்ஸ் சாம்பியன். 2023 டிசம்பர் 3 அன்று நான்காம் இடம் அலபாமாவுக்கு, ஐந்தாம் இடம் எங்களுக்கு. காரணம், எங்கள் குவார்ட்டர்பேக் (பந்து வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் கால் உடைந்து வெளியே போய்விட்டாராம். அவர் இல்லாத அணி பழைய அணி இல்லையாம். பெரிய ஐந்து கான்ஃபரன்ஸில் ஒன்றில் தோல்வியே இல்லாமல் சாம்பியனான அணி அந்த நான்கு பேர் பிளேஆஃபுக்கு வெளியே நின்றது அதுதான் முதல் தடவை.

அன்று டல்லாஹாசியில் என் வீட்டில் ஆறு பேர். நான் தோசை ஊற்றிக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் இடம் டெக்சாஸ் என்றதும் பேச்சு நின்றது. நான்காவதாக அலபாமா பெயர் வந்தபோது யாரும் கத்தக்கூட இல்லை. தோசை கருகின வாடை வந்துதான் எங்களுக்குச் சுயநினைவே திரும்பியது.

ரோல்டைட் ராமு
தோசைக்கு என் அனுதாபங்கள். 63-3.

கார்னெட் கோபு
வந்துவிட்டார். சார், பிளேஆஃபில் சேராத ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியா எங்களை 63-3 என்று அடித்தது டிசம்பர் 30. தேர்வு நடந்தது டிசம்பர் 3. பரீட்சை முடிவைப் போட்டுவிட்டு, நாலு வாரம் கழித்துக் கேள்வித்தாளை அச்சடிக்கிற பழக்கம் உங்கள் ஊரில் உண்டா?

அந்த ஆட்டத்தில் கீயான் கோல்மன் இல்லை, ஜானி வில்சன் இல்லை, ட்ரே பென்சன் இல்லை, ஜேரட் வெர்ஸ் இல்லை. ஆடாதவர்கள் மொத்தம் இருபது பேருக்கு மேல். பிளேஆஃபே இல்லை என்று ஆனபிறகு முழங்காலை உடைத்துக்கொள்ள யார் வருவார்? கமிட்டி உள்ளே விட்டிருந்தால் அத்தனை பேரும் ஆடியிருப்பார்கள்.

ரோல்டைட் ராமு
ஜார்ஜியாவுக்கும் பிராக் பவர்ஸ் ஆடவில்லை. அவர்களும் பிளேஆஃப் போகாத அணிதான். அவர்கள் 63 போட்டார்கள், நீங்கள் 3. அதே ஜார்ஜியா 29 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, முதல் ரேங்கில் இருந்தபோது 27-24 என்று தோற்கடித்தது யார் என்று கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

எண்சுவடி
இருவருக்கும் ஒரு சின்னக் கேள்வி. "சிறந்த அணி" என்று ரேங்க் போடுகிறோமா, "தகுதியான அணி" என்றா? முதலாவது, நாளை ஆடினால் யார் ஜெயிப்பார் என்ற ஊகம். இரண்டாவது, இதுவரை யார் சம்பாதித்தார் என்ற கணக்கு. இதை முடிவு செய்யாமல் பேசினால் விடியாது. கமிட்டியின் விதிமுறையிலேயே முக்கிய ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று இருக்கிறது.

கார்னெட் கோபு
எண்சுவடி அண்ணே, விளக்கம் எல்லாம் அப்புறம். முதலில் சொல்லுங்கள், டிசம்பர் 3-க்கு முன்னால் டிசம்பர் 30 வருமா வராதா?

ரோல்டைட் ராமு
வராது. ஆனால் 16-6 வரும். ஏசிசி இறுதியில் மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக்கை வைத்து லூயிவில்லோடு ஆடினீர்கள். பையன் ஆட்டம் முழுக்க வீசி எடுத்தது 55 கெஜம். ஐம்பத்தைந்து! கமிட்டி பார்த்தது அதைத்தான். 63-3 சும்மா உறுதிப்படுத்தியது.

கார்னெட் கோபு
பிராக் க்ளென் முதலாண்டுப் பையன். அவனை வைத்துக்கொண்டும் ஜெயித்தோம், அதுதான் விஷயம். எதிராளியை எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன்கூடப் போடவிடாமல் ஆறு புள்ளியில் நிறுத்திய டிஃபன்ஸுக்கு ரேங்க் கிடையாதா? பந்து வீசுகிறவன் ஒருத்தன் மட்டும்தான் அணியா?

2014-ஐ எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறீர்கள். ஒஹையோ ஸ்டேட்டும் மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸோடுதான் நான்காம் இடத்தில் நுழைந்தது. அரையிறுதியில் யாரை 42-35 என்று அனுப்பி வைத்தது? ராமு சார் வாயால் கேட்க ஆசை.

ரோல்டைட் ராமு
அலபாமாவைத்தான். ஒளிக்கவில்லை. ஆனால் அந்தக் கார்டேல் ஜோன்ஸ் கான்ஃபரன்ஸ் இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று அடித்துவிட்டு வந்தார். நீங்கள் 16-6. மூன்றாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. சின்ன வித்தியாசம் இல்லை, 63-3 அளவு வித்தியாசம்.

லாங்ஹார்ன்_ஆஸ்டின்
மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். அலபாமா அந்த ஒரு தோல்வியை யாரிடம் வாங்கியது என்று இவ்வளவு நேரம் யாருமே சொல்லவில்லை. செப்டம்பர் 9, டஸ்கலூசா, அவர்கள் சொந்த மைதானம், 34-24. டெக்சாஸ், நாங்கள்தான். நாங்கள் உள்ளே இருந்ததால்தான் அவர்களை எங்களுக்குக் கீழே வைத்தாவது உள்ளே விட்டார்கள்.

கார்னெட் கோபு
ஆஸ்டின் தம்பி, நன்றி. சொந்த மைதானத்தில் பத்துப் புள்ளியில் தோற்ற அணி. அடுத்த வாரம் சவுத் ஃப்ளோரிடாவோடு இடைவேளையில் 3-3. கடைசியில் 17-3 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்தது. நவம்பரில் ஆபர்னோடு நான்காவது, கடைசி முயற்சியில் 31 கெஜம் வேண்டும் என்ற நிலை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீச்சு, மூலையில் ஒருவர் பிடித்தார், 27-24. அந்த ஆபர்ன் அதற்கு முந்தின வாரம்தான் நியூ மெக்ஸிகோ ஸ்டேட்டிடம் 31-10 என்று உதை வாங்கியிருந்தது. இப்படி ஓர் அணி "சிறந்த அணி". தோற்காத அணி மட்டும் "டிராவிஸ் இல்லையே, பாவம்".

சரி, பொதுவான எதிராளியையே எடுப்போம். எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்). நாங்கள் 45-24. நீங்கள் 42-28.

ரோல்டைட் ராமு
அந்த எல்எஸ்யூ ஆட்டத்தில் டிராவிஸ் இருந்தாரா இல்லையா?

கார்னெட் கோபு
இருந்தார்.

ரோல்டைட் ராமு
63-3-இல்?

கார்னெட் கோபு
மறுபடியும் அதே எண்! இவருக்கு அதைத் தவிர வேறு எண் தெரியாது. பேரன் எத்தனாம் வகுப்பு என்று கேட்டாலும் 63-3 என்பார்.

மைதானத்துக்கு வெளியே
ஃபுட்பால் என்று பார்த்து ஆசையாக உள்ளே வந்தேன். கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், தலையில் கலயம் மாதிரி கவிழ்த்திருக்கிறார்கள், பத்து நொடி ஆடிவிட்டு ஒரு நிமிடம் கூட்டம் போடுகிறார்கள். அது எப்படி ஃபுட்பால் ஆகும்? எங்கள் லீகில் யார் அதிகப் புள்ளியோ அவர் மேலே. கமிட்டியும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம்.

ரோல்டைட் ராமு
ஐயா, 130-க்கு மேல் அணிகள், ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் எப்படி ஆடுவது? தெரியாத கடையில் விலை கேட்காதீர்கள்.

கார்னெட் கோபு
இதில் மட்டும் ராமு சார் சொல்வதை ஆமோதிக்கிறேன். வெளியே என்று பெயர் வைத்துக்கொண்டவர் வெளியே இருக்கலாம்.

எண்சுவடி
அதனால்தான் பிளேஆஃபுக்கு முன்பிருந்த பிசிஎஸ் என்ற தேர்வுமுறையின் காலத்தில் பல கணினிப் பட்டியல்களைச் சேர்த்தார்கள். 2002 முதல் அந்தக் கணினிகள் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாய் என்று பார்க்கக்கூடாது என்றே விதி வந்தது. ஜெயித்தாயா, யாரை ஜெயித்தாய், அவ்வளவுதான். பெரிய அணிகள் சின்ன அணிகளைப் போட்டு மிதிப்பது கூடிவிடும் என்ற பயம். அந்தக் கண்ணால் பார்த்தால் 16-6-உம் 59-0-உம் ஒன்றுதான். 2017-இல் யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா) 13-0 முடித்தபோது கோலி என்ற கணினிப் பட்டியல் அவர்களைத்தான் முதலாவதாக வைத்தது. இத்தனைக்கும் அந்த வருஷம் பிளேஆஃப் ஜெயித்தது அலபாமா.

ரோல்டைட் ராமு
ஆக, எக்செல் ஷீட்டுக்கு ஒரு கோப்பை. அந்த யூசிஎஃப் இதைச் சொல்லி ஊர்வலமே போனார்கள். எண்சுவடி சார், ஒரே வார்த்தையில் பதில்: உங்கள் கணினி 63-3-ஐப் பார்க்குமா, பார்க்காதா?

எண்சுவடி
தோல்வி ஒன்று என்று மட்டும் பார்க்கும்.

ரோல்டைட் ராமு
அப்படியென்றால் கணினிக்குக் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கார்னெட் கோபு
கண் டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 ஆகஸ்ட் 30, டல்லாஹாசி, எங்கள் மைதானம். ஃப்ளோரிடா ஸ்டேட் 31, அலபாமா 17. ஆட்டத்துக்கு முன்னால் இதே தளத்தில் ராமு சார் பந்தயம் கட்டினார்: தோற்றால் ஒரு மாதம் எங்கள் அணிச் சின்னமான ஈட்டியைத் தன் முகப்புப் படமாக வைக்கிறேன் என்று. பதினோராம் நாள் காலையில் பார்க்கிறேன், படம் மறுபடியும் அலபாமாவின் யானை! அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர், போகட்டும் என்று விட்டேன்.

ரோல்டைட் ராமு
போன் மாற்றினேன், படம் தானாகப் போய்விட்டது. இதைத் தனிச்செய்தியில் உங்களிடம் சொல்லியும் இருக்கிறேன். தேர்வு நடந்த அடுத்த வருஷமே 2-10 முடித்த அணிக்காரர் ஈட்டியைப் பற்றிப் பேசுகிறார்.

கார்னெட் கோபு
2-10 எங்கள் வீட்டுத் துக்கம், அதை நாங்கள் அழுதுகொள்கிறோம். 2023-க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? போன் மாற்றினால் படம் போகுமாம்! எண்சுவடி அண்ணே, கணினிக்காரர் நீங்கள் சொல்லுங்கள், போகுமா?

எண்சுவடி
என்னை இதில் இழுக்காதீர்கள். (பொதுவாகப் போகாது.)

லாங்ஹார்ன்_ஆஸ்டின்
34-24 பற்றி யாராவது பேசப் போகிறீர்களா?

கார்னெட் கோபு
தம்பி, கொஞ்சம் பொறு. ராமு சார், டிசம்பர் 3 அன்று தெரிந்ததை மட்டும் வைத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதில் 63-3 வரக்கூடாது. அப்புறம் பாக்கி இருபது நாள் ஈட்டி.

ரோல்டைட் ராமு
டிசம்பர் 3 அன்று 13 பேருக்குத் தெரிந்தது, டிசம்பர் 30 அன்று மயாமியில் அரங்கம் முழுக்கத் தெரிந்தது. எண்ணை நான் எழுதவில்லை, கவனிக்கவும்.

கார்னெட் கோபு
படம் இன்னும் யானைதான். கவனித்தேன்.