ஏசாயா 28: நியாயத்தீர்ப்புக்கு நடுவில் உளுந்தும் சீரகமும் எதற்கு?

கரிசல்மகள் (பேரையூர் பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன தை மாதம் உளுந்து காய்ந்து அறுப்புக்கு நின்ற நேரத்தில் மூன்று நாள் விடாத மழை. செடியிலேயே முளை விட்டுவிட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் வீட்டுக்காரர் தவறிப்போனார். ஜெபக்கூட்டத்தில் ஒரு ஊழியர் வேதாகமத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் இந்த 28-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, "கர்த்தர் உங்கள் வீட்டில் எதையோ நியாயந்தீர்க்கிறார்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் இதையே திருப்பித் திருப்பி வாசிக்கிறேன். 22 வசனம் வரைக்கும் கல்மழை, வெள்ளம், வாதை. கால் நீட்டப் படுக்கை போதாது, மூடிக்கொள்ளப் போர்வை போதாது என்கிறது. சரி, அப்புறம் 23-இலிருந்து திடீரென்று உழவும் விதைப்பும் போரடிப்பும் வருகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

களத்துமேடு (உசிலம்பட்டி) எழுதியது:

சகோதரி, அந்த வார்த்தை யாருக்குச் சொன்னது என்று முதலில் பாருங்கள். ஆரம்பத்தில் வருவது எப்பிராயீமின் வெறியர்கள், அதாவது வடக்கு இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவின் குடிவெறியர்கள். அந்தப் பட்டணம் கி.மு. 722-இல் அசீரியரிடம் விழுந்தது. 14-ஆம் வசனம் எருசலேமை ஆண்ட நிந்தனைக்காரரைக் கூப்பிடுகிறது. மரணத்தோடு உடன்படிக்கை பண்ணிவிட்டோம், எங்களுக்கு ஒன்றும் வராது என்று இருந்தவர்கள் அவர்கள். வீட்டுக்காரரைப் பறிகொடுத்து, முளைவிட்ட உளுந்தோடு நிற்கிறவரிடம் அதைத் தூக்கிப் போட்டது தப்பு. எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உழுகிறவன் நாள் முழுக்க உழுதுகொண்டே இருப்பானா என்று கேட்கிறார் ஏசாயா. இருக்க மாட்டான். நிலத்தை நிரவி, அததற்கு ஏற்ற இடத்தில் விதைப்பான். உளுந்தைக் கோலால் அடிப்பான், சீரகத்தின்மேல் வண்டி உருளையை ஓட்ட மாட்டான். யானை கட்டிப் போரடித்த தென்மதுரை என்று நம் பக்கம் பெருமையாகச் சொல்வார்களே, அது நெல்லுக்கு. இந்தப் பக்குவத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது தேவன் என்கிறது 26-ஆம் வசனம். உழுகிற சம்சாரிக்கே அந்த அளவு தெரியும்போது, கற்றுக்கொடுத்தவருக்குத் தெரியாதா?

மூலபாடம் எழுதியது:

ஒரு சின்னத் தகவல். நம் வேதாகமத்தில் உளுந்து என்று இருப்பது எபிரெயத்தில் 'கெத்சாக்'. கருஞ்சீரகம் என்றுதான் பெரும்பாலும் பொருள் கொள்கிறார்கள். அந்த நாட்டில் கனத்த பலகையின் அடியில் கூரிய கற்களைப் பதித்து, மாடு பூட்டிக் கதிர்மேல் இழுப்பார்கள். கருஞ்சீரகம் அதைத் தாங்காது. ஆனாலும் கோலடியும் அடிதான், அதை மறைக்க வேண்டாம். சமாரியா நிஜமாகவே விழுந்தது. ஏசாயா சொல்வது என்னவென்றால், அப்பத்துக்கான தானியத்தைக்கூட யாரும் இடைவிடாமல் போரடித்துக்கொண்டிருப்பதில்லை (28-ஆம் வசனம்).

கரிசல்மகள் எழுதியது:

ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. உளுந்தா கருஞ்சீரகமா என்பது எனக்குப் பெரிதில்லை, உளுந்து என்றால்தான் எனக்குக் கண்ணில் தெரிகிறது. எங்கள் ஊரில் ரோட்டில் செடியைப் பரப்பிவிடுவார்கள், லாரியும் பஸ்ஸும் ஏறிப் போகும். பாதி பருப்பு உடைந்துவிடும், வியாபாரி விலையைக் குறைப்பார். விதைக்கென்று ஒதுக்கியதை மட்டும் அம்மா ரோட்டுக்கு விட மாட்டார். தார்ப்பாய் விரித்து, புளியங்கம்பால் அடிப்பார். நாலு அடி, அப்புறம் குனிந்து ஒரு நெற்றைக் கையில் எடுத்துப் பிதுக்கிப் பார்ப்பார். மணி உதிர்ந்திருந்தால் கம்பைக் கீழே போட்டுவிடுவார். இத்தனை ராத்திரி வாசித்தும் எனக்கு அது ஞாபகம் வரவே இல்லை.

முளைவிடாமல் தேறியது இரண்டு மரக்கால். சாம்பல் கலந்து பானையில் வைத்திருக்கிறேன், புரட்டாசி விதைப்புக்கு.