இங்கிலாந்தில் வீட்டுக் கல்வி: வக்தை (தொழுகை நேரத்தை) ஒட்டி ஒரு நாள்

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையிலிருந்து லெஸ்டருக்கு வந்திருக்கிறோம். இன்னும் ஒரு குளிர்காலத்தைக் கூடப் பார்க்கவில்லை. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. ஆண்டு நடுவில் வந்ததால் இருவருக்கும் ஒரே பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க முடிவு செய்து, 9 மணிக்குக் கணக்கு, 10 மணிக்கு ஆங்கிலம் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவர்கள் வாப்பாவுக்குக் கிடங்கில் இரவு வேலை, பகலில் உறக்கம். புதன்கிழமைக்கு மேல் அட்டவணை நிற்பதில்லை. அனுபவப்பட்ட லாத்தாமார் (அக்காமார்) யாராவது வழி சொல்லுங்கள்.

*

வ அலைக்கும் ஸலாம், தங்கச்சி. பிள்ளைகளை அங்கே வீட்டில் படிக்கவைத்து வளர்த்துவிட்டு, இப்போது பெரியபட்டினம் திரும்பியிருக்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பயம் அதில்தான் இருக்கும். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 7ஆம் பிரிவு, பிள்ளைக்குத் தகுந்த முழுநேரக் கல்வி தரும் பொறுப்பைப் பெற்றோரிடம் வைக்கிறது. அது பள்ளியிலும் இருக்கலாம், வேறு வகையிலும் இருக்கலாம். தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை, பள்ளி நேரத்தையும் பின்பற்ற வேண்டியதில்லை. உள்ளாட்சி மன்றத்திலிருந்து விசாரித்து எழுதுவார்கள். அதற்காக ஒரு நோட்டில் அன்றன்று நடந்த பாடத்தை இரண்டு வரி எழுதிவையுங்கள். ஜெர்மனியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இதை அனுப்பிவிடாதீர்கள், அங்கே வீட்டுக் கல்விக்கு அனுமதியே இல்லை.

இனி அட்டவணை. அதைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் ஊரில் நாள் நடப்பது தொழுகைக்கு அழைக்கும் பாங்கை வைத்துத்தானே? நண்பகல் தொழுகையான லுஹருக்கு முன் சமையல் முடியும், மாலைத் தொழுகையான அஸருக்குப் பின் பிள்ளைகள் தெருவில் இறங்கும். யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. அதே வரிசையை அங்கேயும் வையுங்கள்: காலை உணவுக்குப் பின் கணக்கு, அது முடிந்ததும் ஆங்கில வாசிப்பு. அன்றாடம் கட்டாயம் இந்த இரண்டுதான். மற்றதெல்லாம் கிடைத்த இடத்தில் வரட்டும். 6 வயதுக்கு ஒரே மூச்சில் கால் மணி நேரம் போதும். வீட்டில் இரண்டே பிள்ளைகள் என்றால் பள்ளியில் நாள் முழுக்க நடப்பது காலையிலேயே முடிந்துவிடும், பயப்படாதீர்கள்.

ஆனால் அங்கே வக்தே இடம் மாறும், அதைத்தான் புதிதாக வருபவர்கள் எதிர்பார்ப்பதில்லை. நம் கரையில் ஆண்டு முழுவதும் மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே முன்பின் நகரும். லெஸ்டரில் டிசம்பரில் 4 மணிக்கு முன்பே மஃரிப். ஜூனில் இரவு 9.30. குளிர்காலத்தில் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் நண்பகலுக்கும் 4 மணிக்கும் இடையில் நெருக்கியடித்து வந்துவிடும். அப்போது மதியத்துக்குப் பின் பாடம் வைத்தால் நிற்காது. எல்லாவற்றையும் லுஹருக்கு முன் முடித்து, வெளிச்சம் இருக்கும்போதே பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். டிசம்பரில் விடியற்காலைத் தொழுகையான சுபுஹு தாமதமாக வருவதால் தொழுததும் குர்ஆன் ஓத உட்காரலாம். ஜூனில் அது 3 மணியை ஒட்டி வந்துவிடும். பிள்ளைகளின் ஓதலை லுஹருக்குப் பின் நகர்த்துங்கள். லுஹருக்கும் அஸருக்கும் நடுவே அப்போது 4 மணி நேரம் கிடக்கும்.

வாப்பா உறங்கும் வீட்டில் சத்தம் வரும் பாடங்களை வெளியே கொண்டுபோங்கள். பொது நூலகம் இலவசம், சூடாகவும் இருக்கும். வாய்ப்பாடு சொல்வதெல்லாம் நடந்துகொண்டே ஆகட்டும்.

மகன் எழுத மறுத்து முரண்டுபிடிக்கும் நாளும் வரும். தென்கடலில் கச்சான் காற்று அடித்தால் பாம்பன்காரர் வடகடல் பக்கம் தொழிலுக்குப் போவதில்லையா? அதுபோல நோட்டை மூடிவிட்டு வாய்க்கணக்குக்குப் போய்விடுங்கள்.

*

ஜஸாகல்லாஹு கைரன், லாத்தா. என் உம்மா தினமும் வீடியோவில் தமிழ்க் கதை சொல்ல ஆசைப்படுகிறார்கள். எந்த நேரம் வைப்பது? நோன்புக்கு என்ன செய்வது?

*

உம்மா இஷா தொழுதுவிட்டு ஊர் நேரம் இரவு 8.30க்குக் கூப்பிடட்டும். கோடையில் உங்களுக்கு மாலை 4, குளிர்காலத்தில் 3. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், முதல் நாளே உம்மாவிடம் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கதையையே தமிழ்ப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டதில் மூன்று வரியை மகன் எழுதினால் போதும். எழுத்தும் இலக்கணமும் முறையாக வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இருக்கின்றன.

நோன்பில் கணக்கும் வாசிப்பும் மட்டும், அதுவும் பாதி. நோன்பு ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் வருவதால் போன ஆண்டு வைத்த ஒழுங்கு அப்படியே பொருந்தாது. அங்கத்திய பள்ளி விடுமுறையைப் பார்க்காமல் இரண்டு பெருநாளுக்கும் தாராளமாக விடுமுறை விடுங்கள்.

மகன் அங்கத்திய ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வு எழுதும் வயது வரும்போது தனித்தேர்வராகத்தான் எழுத வேண்டும், கட்டணம் உங்கள் கையிலிருந்து. தனித்தேர்வரை ஏற்கும் மையத்தை ஓர் ஆண்டு முன்பே விசாரித்துவிடுங்கள்.